சுருள் கேலக்ஸியின் பெயருக்கு அடுத்து நிற்கும் எழுத்துகள்

கேலக்ஸிகளின் பட்டியல் எதைத் திறந்தாலும் பெயருக்கு அடுத்த பத்தியில் எஸ்-பி (Sb), எஸ்பி-சி (SBc), எஸ்ஏபி-சிடி (SABcd) என்று சில எழுத்துகள் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டி, தூரமும் ஒளியளவும் எவ்வளவு என்று பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் படத்தைப் பார்க்காமலேயே அந்தக் கேலக்ஸியின் உருவத்தையும், அதில் புது விண்மீன்கள் எந்த அளவுக்குப் பிறக்கின்றன என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அவற்றை இனப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு படத்தைப் பார்த்து, மூன்று நான்கு கேள்விகள் கேட்டு, கிடைத்த பதில்களைச் சுருக்கி எழுதிய குறிப்பு அது. அந்தப் பதில்கள் சில நேரம் ஒன்றோடொன்று முரண்படும். படம் எந்த ஒளியில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து பதிலே மாறுவதும் உண்டு.

ஹபிள் கேட்ட மூன்று கேள்விகள்

அமெரிக்க வானியலர் எட்வின் ஹபிள் 1926இல் வெளியிட்ட வகைப்பாட்டில், சுருள் கேலக்ஸிகளைப் பிரிக்க மூன்று விஷயங்களைப் பார்த்தார். நடுவில் உள்ள புடைப்பு, அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும் விண்மீன் தட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது? கரங்கள் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கின்றன? அந்தக் கரங்கள் வழவழப்பாகத் தெரிகின்றனவா, அல்லது ஒளிமுடிச்சுகளாகப் பிரிந்து தெரிகின்றனவா? பெரிய புடைப்பு, இறுகிய கரம், வழவழப்பு என்றால் எஸ்-ஏ. சிறிய புடைப்பு, அகன்று விரிந்த கரம், முடிச்சு முடிச்சான தோற்றம் என்றால் எஸ்-சி. இடைப்பட்டது எஸ்-பி. மையத்தின் குறுக்கே நேரான பட்டை ஒன்று ஓடி, அதன் முனைகளிலிருந்து கரங்கள் கிளம்பினால் எஸ்பி-ஏ, எஸ்பி-பி, எஸ்பி-சி என்று இணையாக இன்னொரு வரிசை. 1936இல் அவர் இதை இசைக்கவை வடிவத்தில் வரைந்து காட்டினார். கைப்பிடியில் நீள்வட்டக் கேலக்ஸிகள், இரண்டு கிளைகளிலும் சுருள்கள்.

எஸ்-ஏ வகைக்குக் கன்னி ராசித் திசையில் சுமார் 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம் 104 (எம் என்பது மெசியே பட்டியலின் எண்) நல்ல உதாரணம். அகன்ற விளிம்புள்ள மெக்சிகோ தொப்பியின் பெயரால் சொம்ப்ரேரோ என்று அழைக்கப்படும் இதன் புடைப்பு அவ்வளவு பெரியது. மறு கோடியில் எம் 33: 27 லட்சம் ஒளியாண்டில் நமக்கு அண்டை வீட்டில் இருக்கிறது. புடைப்பு என்று சொல்ல அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இந்த வேறுபாடு மேல்தோற்றத்தோடு நிற்கவில்லை. எம் 104இன் மையத்தில் சுமார் 100 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. எம் 33இன் மையத்தில் அப்படிப்பட்ட பெருங்கருந்துளை எதுவும் இதுவரை தென்படவில்லை. புடைப்பு வளர்ந்த இடத்தில் கருந்துளையும் வளர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு பழைய பொறி உண்டு. இசைக்கவையின் இடப்பக்கம் உள்ளவற்றை ‘முந்தைய வகை’ என்றும் வலப்பக்கம் உள்ளவற்றைப் ‘பிந்தைய வகை’ என்றும் வானியலர்கள் இன்றும் சொல்கிறார்கள். வரிசையில் உள்ள இடத்தைக் குறிக்கும் சொற்களே அவை. எஸ்-ஏ கேலக்ஸி காலப்போக்கில் எஸ்-சி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. விண்மீன்களின் சராசரி வயதைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். எஸ்-ஏ வகையில் முதிர்ந்த, மஞ்சளும் சிவப்புமான விண்மீன்கள்தாம் அதிகம். எஸ்-சி வகையில்தான் இளம் நீல விண்மீன்கள் நிறைந்திருக்கின்றன.

மூன்று கேள்விகளும் ஒரே பதிலைத் தராவிட்டால் என்ன செய்வது? புடைப்பு சிறியது, ஆனால் கரங்கள் இறுகியிருக்கின்றன என்றால்? 1961இல் ஹபிள் அட்லஸ் என்ற கேலக்ஸிப் படத் தொகுப்பை வெளியிட்ட ஆலன் சாண்டேஜ், கரங்களின் தன்மைக்கே முதலிடம் தந்தார். வேறு சிலர் புடைப்பை முன்னிறுத்தினார்கள். அதனால் ஒரே கேலக்ஸி ஒரு பட்டியலில் எஸ்-ஏபி (எஸ்-ஏ, எஸ்-பி இரண்டுக்கும் இடைநிலை) என்றும் இன்னொன்றில் எஸ்-பி என்றும் இருப்பதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். பொதுமக்கள் இணையத்தில் கேலக்ஸிப் படங்களை வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ திட்டம் 2007இல் தொடங்கியது. அதன் தரவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, புடைப்பின் அளவுக்கும் கரங்களின் இறுக்கத்துக்கும் இடையே நாம் நினைத்த அளவுக்கு நெருங்கிய தொடர்பே இல்லை என்று காட்டியது. பாடநூல் படங்களில் இரண்டும் கைகோத்து வருவது போலத் தெரிவதற்குக் காரணம், அப்படி வருபவற்றைத் தேர்ந்து போடுவதுதான்.

டி வோக்கூலர் சேர்த்த அடுக்குகள்

பட்டை இருக்கிறது, இல்லை என்று இரண்டே பெட்டியில் அடைக்க முடியாது என்பதை உணர்ந்து 1959இல் ஜெரார் டி வோக்கூலர் அந்த முறையை விரித்தார். இன்று பட்டியல்களில் அதிகம் காணப்படுவது இவருடைய முறை. இந்தக் கட்டுரையில் இணைக்கோட்டுக்கு முன் நிற்பது பட்டையைப் பற்றியது: எஸ்ஏ என்றால் பட்டை இல்லை, எஸ்பி என்றால் தெளிவான பட்டை, எஸ்ஏபி என்றால் மெல்லிய பட்டை. இணைக்கோட்டுக்குப் பின் நிற்பது வரிசையில் உள்ள இடம். சி-க்கு அப்பாலும் டி, எம் என்று நீட்டினார். இடைநிலைகளுக்கு ஏபி, பிசி, சிடி என்று இரட்டை எழுத்து. ஆகவே எஸ்ஏபி-சிடி என்று பார்த்தால் மெல்லிய பட்டை, மிகச் சிறிய புடைப்பு, தளர்ந்து விரிந்த கரங்கள் என்று மனத்தில் படம் வந்துவிட வேண்டும். 2.1 கோடி ஒளியாண்டில் உள்ள எம் 101 அப்படித்தான் இருக்கும்.

கடைசி நிலையான எம் என்பது மெகல்லானிய வகை. ஒரே ஒரு கரம், மையத்திலிருந்து விலகி நிற்கும் பட்டை, ஒழுங்கற்ற தட்டு. அதன் முன்மாதிரியே 1.6 லட்சம் ஒளியாண்டில் உள்ள பெரிய மெகல்லானிய மேகம்தான். பல புத்தகங்கள் இதை ‘ஒழுங்கற்ற கேலக்ஸி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. சுருள் வரிசையின் கடைசிப் படி இது என்று சொல்வதே சரி.

இன்னொரு குறியும் உண்டு: கரங்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பது. பட்டையைச் சுற்றி ஒரு வளையம் அமைந்து, அதிலிருந்து கரங்கள் பிரிந்தால் ஆர் (r). வளையமின்றி பட்டை முனையிலிருந்தே நேரே கிளம்பினால் எஸ் (s). ஆர் வகைக்கு என்.ஜி.சி. 1433 (என்.ஜி.சி. என்பது இன்னொரு வான்பொருள் பட்டியல்), எஸ் வகைக்கு என்.ஜி.சி. 1365. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நொடியில் புரிந்துவிடும்.

நம் பால்வெளி எங்கே வரும்? நாம் அதற்குள்ளேயே இருப்பதால் முழு உருவத்தைப் பார்க்க வழியில்லை. 1990களில் அகச்சிவப்பு அளவீடுகளிலிருந்து மையத்தில் பட்டை இருப்பது தெளிவானது. 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவு, அது சுமார் 27,000 ஒளியாண்டு நீளம் என்று காட்டியது. பொதுவாக எஸ்பி-பிசி என்று வைக்கிறார்கள்.

கரங்கள் ஏன் இறுகிச் சுருண்டு மறையவில்லை

வகைகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, கரம் என்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். கரத்தை விண்மீன்களால் ஆன ஒரு நிரந்தரப் பொருளாக நினைத்தால் கணக்கு உடனே இடிக்கிறது.

பால்வெளி போன்ற ஒன்றில் மையத்தருகே உள்ள பகுதியைத் தவிர்த்தால் எல்லாத் தூரத்திலும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில், விநாடிக்கு சுமார் 220 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 கோடி ஆண்டு எடுக்கிறது. பாதித் தூரத்தில் இருக்கும் விண்மீனுக்குச் சுற்றுப்பாதையும் பாதி என்பதால் 11 கோடி ஆண்டு போதும். 1,000 கோடி ஆண்டில் உள்ளே இருப்பது 90 சுற்று, வெளியே இருப்பது 45 சுற்று. கரம் ஒரே விண்மீன்களால் ஆனதாக இருந்திருந்தால் இந்த இரு தூரங்களுக்கு இடையில் மட்டும் அது 45 தடவை சுருண்டிருக்கும். எந்தத் தொலைநோக்கியிலும் கரம் தெரியாது. வெறும் தட்டுதான் தெரியும். நிஜத்தில் பெரும்பாலான கரங்கள் ஒன்று, ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடுகின்றன.

1964இல் சி.சி. லின், ஃபிராங்க் ஷு இருவரும் முன்வைத்த அடர்த்தி அலைக் கொள்கை இதற்குத் தீர்வு சொன்னது. கரம் என்பது தட்டில் சுற்றிவரும் நெரிசல். மயிலாப்பூரில் பங்குனித் தேர் மாடவீதிகளைச் சுற்றி வரும்போது தேரைச் சூழ்ந்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். தேர் மெதுவாக நகர்கிறது, நெரிசலும் அதோடு நகர்கிறது. ஆனால் நெரிசலில் இருப்பவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். பின்னாலிருந்து வேகமாக வருபவர்கள் உள்ளே நுழைந்து, வேகம் குறைந்து, கும்பிட்டுவிட்டு, முன்பக்கம் வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கேலக்ஸியின் உட்பகுதியில் விண்மீன்களும் வாயுவும் இப்படித்தான் கரத்தைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து, கடந்து போகின்றன.

வாயுதான் இந்த நெரிசலுக்கு அதிகம் ஆட்படும். கரத்துக்குள் நுழையும் வாயு மேகம் அழுத்தப்பட்டு, இறுகி, விண்மீன்களாக உடைகிறது. அதில் பிறக்கும் மிகப் பெரிய நீல விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே வெடித்து முடிந்துவிடும். கரத்தை விட்டு அதிக தூரம் போவதற்கு அவற்றுக்கு ஆயுள் இல்லை. கரம் நீலமாகப் பளிச்சிடுவதற்கு இதுதான் காரணம். சூரியனைப் போன்ற நீண்ட ஆயுள் விண்மீன்கள் கரத்திலும் இருக்கின்றன, கரங்களுக்கு இடையிலும் இருக்கின்றன. இடைவெளி இருட்டாகத் தெரிவதால் அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணக் கூடாது.

இதைப் படத்திலேயே சரிபார்க்கலாம். எம் 51இன் நல்ல வண்ணப் படம் ஒன்றை எடுத்து ஒரு கரத்தை உள்ளிருந்து வெளியே குறுக்காகப் பாருங்கள். முதலில் கருமையான தூசுப் பட்டை, கரத்தின் உள்விளிம்பில். அடுத்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்கள். அதற்கப்பால் நீல விண்மீன் கொத்துகள். அழுத்தம், பிறப்பு, வாலிபம் என்று வரிசை அப்படியே கிடக்கிறது.

ஆனால் எல்லாக் கரங்களும் இந்த ஒரே வழியில் உருவானவை என்று சொன்னால் தவறாகிவிடும். டெப்ரா எல்மகிரீன், புரூஸ் எல்மகிரீன் இருவரும் 1980களில் கரங்களின் ஒழுங்கை வைத்துத் தனியாக ஒரு வகைப்பாடு செய்தார்கள். ஒரு கோடியில் எம் 51, எம் 81 போல இரண்டு நீண்ட, சமச்சீரான கரங்கள் கொண்டவை. இவற்றைப் பெருவடிவச் சுருள்கள் எனலாம். மறு கோடியில் எம் 63, என்.ஜி.சி. 2841 போல எங்கே பார்த்தாலும் துண்டு துண்டான சிறு வளைவுகள், பஞ்சுப் பிசிறு போன்றவை. நடுவே பல கரங்கள் கொண்டவை. ஹபிள் எழுத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எஸ்-பி என்று போட்டிருந்தால் பெருவடிவமாகவும் இருக்கலாம், பிசிறாகவும் இருக்கலாம். பட்டியலில் இந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது என்பது பெரிய குறைதான். என்னைக் கேட்டால் ஏ, பி, சி-யைவிட இந்தப் பிரிவுதான் கரத்தின் பிறப்பைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பெருவடிவச் சுருள்களில் பலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தோழமைக் கேலக்ஸி இருக்கும், அல்லது நடுவில் வலுவான பட்டை இருக்கும். எம் 51இன் ஒரு கரத்தின் நுனியருகே என்.ஜி.சி. 5195 நிற்கிறது. அலார் டூம்ரே, ஜூரி டூம்ரே சகோதரர்கள் 1972இல் கணினிக் கணக்கின் மூலம், அப்படி ஒன்று கடந்துபோகும்போது எழும் ஈர்ப்பு இழுப்பே இத்தகைய கரங்களை எழுப்ப முடியும் என்று காட்டினார்கள். பிசிறு வகையில் கதை வேறு. தட்டில் ஆங்காங்கே விண்மீன் பிறப்புப் பகுதிகள் தோன்றுகின்றன; உள்பக்கம் முந்தி, வெளிப்பக்கம் பிந்திச் சுற்றுவதால் அவை இழுபட்டுச் சிறு வளைவாகின்றன, சில கோடி ஆண்டில் மங்குகின்றன, வேறிடத்தில் புதியவை தோன்றுகின்றன. அங்கே சுருள் தோற்றம் இருந்துகொண்டே இருக்கும், எந்தத் தனி வளைவும் நிலைக்காது.

பட்டை செய்யும் வேலை

அகச்சிவப்பில் பார்த்தால் சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை தெரிகிறது. ஆகவே பட்டைதான் வழக்கம், இல்லாததுதான் விலக்கு. அது சும்மா இருப்பதில்லை. சுழலும் பட்டையில் வாயு மோதி, சுழல்வேகத்தை இழந்து, பட்டையின் முன்விளிம்பில் தெரியும் நேரான தூசுக் கோடுகளின் வழியாக மையத்தை நோக்கி வழிகிறது. என்.ஜி.சி. 1300, என்.ஜி.சி. 1365 படங்களில் இந்தக் கோடுகளை வெறும் கண்ணாலேயே தடம் பிடிக்கலாம். என்.ஜி.சி. 1097இல் அப்படி வந்த வாயு மையத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தேங்கி, அங்கே விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. இந்த வழியில் மெல்ல மெல்லச் சேர்ந்த மையப் பகுதி, பழைய மோதல்களில் உருவான உருண்டைப் புடைப்பைப் போல இருக்காது. தட்டையாக, சுழற்சி மிகுந்து இருக்கும். இதைப் போலிப் புடைப்பு என்கிறார்கள். ஹபிளின் முதல் கேள்வி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறது.

வேறுபாட்டின் வேர்

எஸ்-ஏ முதல் எஸ்-சி வரை போகும்போது ஒழுங்காக மாறும் பொருள் ஒன்று உண்டென்றால் அது வாயு. எஸ்-சி, எஸ்-டி வகைகளில் விண்மீன் நிறையோடு ஒப்பிடும்போது வாயுவின் பங்கு அதிகம். கரங்கள் முடிச்சு முடிச்சாகத் தெரிவதற்கு அதில் பிறக்கும் விண்மீன் கொத்துகளே காரணம். எஸ்-ஏ வகை தன் வாயுவில் பெரும்பகுதியை முன்பே செலவழித்துவிட்டது. சுழல்வேகமும் மாறுகிறது. வெரா ரூபினும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் அளந்தவற்றில் உச்சச் சுழல்வேகத்தின் நடுமதிப்பு எஸ்-ஏ வகைக்கு விநாடிக்கு சுமார் 300 கிலோமீட்டர், எஸ்-பி வகைக்கு 220, எஸ்-சி வகைக்கு 175. மையத்தில் நிறை செறிந்தால் சுழற்சி வேகமாகிறது, கரமும் இறுகும் போக்கு காட்டுகிறது.

வாயு முற்றிலும் போய்விட்டால் கரமும் போய்விடும். அப்போது மிஞ்சுவது எஸ்-0 என்னும் வில்லை வடிவக் கேலக்ஸி: தட்டு உண்டு, புடைப்பு உண்டு, கரம் இல்லை. கன்னி, கோமா போன்ற பெரிய கேலக்ஸிக் கொத்துகளில் வெப்ப வாயுவுக்குள் விரைந்து செல்லும் சுருள்கள் தங்கள் வாயுவை எதிர்க்காற்றில் பறிகொடுக்கின்றன. பாதி இழந்த நிலையில் இருப்பவற்றை 1976இல் சிட்னி வான் டென் பெர்க் சோகைச் சுருள்கள் என்று பிரித்தார். கரத்தின் வடிவம் இருக்கும், அதில் உயிரோட்டமான நீலம் இருக்காது.

நீங்களே அளப்பது எப்படி

கரத்தின் இறுக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட எண்ணாக எழுதுவது நல்லது. இதற்குச் சுருள் கோணம் என்று பெயர். கரம் எந்த இடத்திலும், மையத்தைச் சுற்றி அதே இடம் வழியாக வரையும் வட்டத்தோடு எத்தனை பாகை சாய்ந்து வெளியேறுகிறது என்பது அது. பெரும்பாலான கரங்கள் ஓரளவுக்கு மடக்கைச் சுருள் (எங்கும் ஒரே கோணத்தில் விரியும் சுருள்) வடிவில் இருப்பதால் ஒரு ஸ்கேலும் பாகைமானியும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

எம் 51 அல்லது எம் 74 போல முகம் காட்டி நிற்கும் கேலக்ஸியின் படத்தை ஏ4 தாளில் அச்சிடுங்கள். மையத்தைப் புள்ளியால் குறியுங்கள். மையத்தின் வழியாக ஒரு நேர்கோடு போடுங்கள். ஒரு கரம் அந்தக் கோட்டை ஒரு பக்கம் வெட்டும் இடத்தையும், அதே கரம் அரைச் சுற்று சுற்றி மறுபக்கம் வெட்டும் இடத்தையும் குறித்து, மையத்திலிருந்து இரண்டு தூரங்களையும் மில்லிமீட்டரில் அளவெடுங்கள். பெரியதைச் சிறியதால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை எடுத்து, 3.1416ஆல் வகுத்தால் கிடைப்பது சுருள் கோணத்தின் டேன் மதிப்பு. 22 மி.மீ., 58 மி.மீ. என்று வந்தால் விகிதம் 2.64, மடக்கை 0.97, வகுத்தால் 0.309, கோணம் 17 பாகை. கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் விகிதத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அரைச் சுற்றில் தூரம் 1.3 மடங்கானால் 5 பாகை, 1.7 மடங்கானால் 10, 2.3 மடங்கானால் 15, 3.1 மடங்கானால் 20, 4.3 மடங்கானால் 25. எஸ்-ஏ வகை பெரும்பாலும் 10 பாகையை ஒட்டியும் எஸ்-சி வகை 20 பாகையை ஒட்டியும் அமையும், ஆனால் சிதறல் மிக அதிகம்.

ஏன் அரைச் சுற்று, கால் சுற்று ஏன் கூடாது? கேலக்ஸி நமக்குச் சாய்ந்திருந்தால் படத்தில் ஒரு திசையில் மட்டும் நசுங்கித் தெரியும். 90 பாகை தள்ளி எடுத்த இரண்டு தூரங்கள் வெவ்வேறு அளவில் நசுங்கியிருக்கும், விகிதம் கெட்டுவிடும். ஒரே நேர்கோட்டின் இருபக்கமும் எடுத்தால் இரண்டும் ஒரே அளவில் நசுங்குகின்றன, விகிதம் அப்படியே நிற்கிறது. மெல்லிய தட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

அதிகம் கெடுப்பது மையப் புள்ளி. மேலே சொன்ன உதாரணத்தில் மையத்தை 2 மி.மீ. தள்ளிக் குறித்துவிட்டால் 22, 58 என்பது 24, 56 ஆகி, கோணம் 15 பாகையாக இறங்கிவிடும். இதற்கு மருந்து, எதிர்க் கரத்தையும் அதே கோட்டில் அளப்பது. அங்கே பிழை எதிர்த்திசையில் விழுந்து 20, 60 என்று வந்து 19 பாகை காட்டும். இரண்டின் சராசரி பழைய 17. ஒரே கரத்தை மட்டும் அளந்து எழுதிய கோணத்தை நம்பவே வேண்டாம்.

படம் ஏமாற்றும் இடங்கள்

வகைப்படுத்துவதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை படத்திலிருந்தே தொடங்குகின்றன. 25 லட்சம் ஒளியாண்டில் உள்ள ஆண்ட்ரோமெடா, எம் 31, நமக்குச் சுமார் 77 பாகை சாய்ந்து ஏறக்குறைய விளிம்பைக் காட்டி நிற்கிறது. பட்டை இல்லாத எஸ்ஏ-பி என்றே நெடுங்காலமாகப் பட்டியலில் இருக்கிறது. அதன் புடைப்பு அகச்சிவப்பில் பெட்டி போன்ற வடிவம் காட்டுவதால் உள்ளே பட்டை ஒளிந்திருக்கிறது என்று 2006 வாக்கில் வந்த ஆய்வுகள் வாதிட்டன. பட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் பெட்டியாகவோ நிலக்கடலை வடிவமாகவோதான் தெரியும். பால்வெளியின் புடைப்பும் அப்படியே. முழுக்க விளிம்பைக் காட்டும் கேலக்ஸிகளில் கரமே தெரியாது, புடைப்பின் பருமனை வைத்து மட்டும் எழுத்துப் போடுகிறார்கள். அங்கே போட்டிருக்கும் எழுத்தைப் பாதி நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஒளியின் நிறம். நீல ஒளியில் இளம் விண்மீன்களும் தூசும் ஓங்கித் தெரியும்; கரம் முடிச்சாகவும் தளர்வாகவும் தோன்றும். அகச்சிவப்பில் முதிய விண்மீன்கள் தெரியும், தூசு ஊடுருவப்படும். பிசிறு வகை என்று பெயர் பெற்ற எம் 63இல் அகச்சிவப்புப் படம் மெல்லிய இரண்டு கரங்களைக் காட்டியது. என்.ஜி.சி. 253இன் பட்டை, தூசுக்கடியிலிருந்து அகச்சிவப்பில்தான் தெளிவாக வெளிவந்தது. ஹபிளின் எழுத்துகள் நீல ஒளிக்குக் கூருணர்வுள்ள பழைய கண்ணாடித் தகடுகளை வைத்துப் போடப்பட்டவை. இன்றைய அகச்சிவப்புப் படத்துக்கு அதே எழுத்தைப் பொருத்திப் பார்த்தால் இடிக்கத்தான் செய்யும்.

அமெச்சூர் படங்களில் வேறொரு சிக்கல்: மங்கலான கரங்களை வெளிக்கொணர வெளிச்சத்தை இழுத்து ஏற்றும்போது மையம் வெளுத்து ஊதிவிடுகிறது. எஸ்-சி கேலக்ஸிக்கு எஸ்-ஏ புடைப்பு வந்துவிடும். புடைப்பை மதிப்பிட எப்போதும் குறைந்த நேர ஒளிப்பதிவைத் தனியாகப் பாருங்கள். தூரமும் ஏமாற்றும். மிகத் தொலைவில் இருப்பவற்றின் முடிச்சுகள் ஒன்றாகக் குழைந்து கரம் வழவழப்பாகத் தெரிவதால், அவை இருப்பதைவிட முந்தைய வகையாகத் தோன்றும்.

சென்னையிலிருந்து

நகரத்துக்குள் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலில் ஒளியளவை மட்டும் பார்த்து இலக்கைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். ஒளியளவு ஒரு படி கூடினால் ஒளி 2.512 மடங்கு குறைகிறது என்ற இன்றைய அளவுகோலை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன். பின்னர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் அரசு வானியலராக இருந்தவரும் அவரே. எம் 33இன் ஒளியளவு 5.7, எம் 104இன் ஒளியளவு 8.0. எண்ணைப் பார்த்தால் எம் 33 எட்டு மடங்கு பிரகாசம். ஆனால் அந்த ஒளி வானத்தில் முழுநிலவின் இரு மடங்கு அகலத்துக்கும் மேல் பரந்து கிடக்கிறது. எம் 104 சில கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை) அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு சதுர விகலைக்கு (கலையில் 60இல் ஒரு பங்கு விகலை) வரும் ஒளியைக் கணக்கிட்டால் எம் 104தான் சுமார் 11 மடங்கு அடர்த்தி. நகர வானத்தில் எம் 33 கரைந்து காணாமல் போகும், எம் 104 சிறு கீற்றாக அகப்படும். புடைப்புப் பெரிதாக உள்ள வகைகள் நகருக்கு ஏற்றவை. சிடி, டி வகைகளுக்கு இருட்டு தேவை. வகை எழுத்தைப் பார்த்தே இதை முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

எம் 104 மே நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே 65 பாகை உயரத்தில் இருக்கும். மே இறுதியில் அதே நேரத்துக்கு 47 பாகை உயரத்தில் எம் 83 வரும், 1.5 கோடி ஒளியாண்டில் உள்ள எஸ்ஏபி-சி. ஐரோப்பாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அடிவானத்தை ஒட்டியே நிற்கும், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வரும் நவம்பர் மாலைகள் வடகிழக்குப் பருவமழையில் போய்விடும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, இருட்டியவுடன் வடமேற்கில் பைனாகுலரைத் திருப்பினால் புடைப்பு மட்டும் மங்கலான நீள்வட்டமாகத் தெரியும். கரங்களை எதிர்பார்க்க வேண்டாம். அதே நாள்களில் தென்மேற்கில் என்.ஜி.சி. 253 இறங்கிக்கொண்டிருக்கும்.

கரங்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் போன்ற இடங்களில், நிலவில்லாத ஏப்ரல், மே இரவில் எம் 51ஐத் தேடுங்கள். அது சுமார் 55 பாகை வரை உயரும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால் இரண்டு கருக்களும், அவற்றுக்கிடையே சுழன்று போகும் மங்கல் ஒளியும் பிடிபடும். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடியில் முதன்முதலாகச் சுருளை வரைந்தது இந்தக் கேலக்ஸியில்தான்.

பெரிய மெகல்லானிய மேகம் சென்னையில் ஜனவரி இறுதியில் இரவு 9 மணியளவில் தெற்கே வெறும் 7 பாகை உயரமே எழும். கடலோர மூட்டத்தில் அது எளிதில் அகப்படாது. கன்னியாகுமரியில் அதே மேகம் 12 பாகை உயரும். எஸ்பி-எம் வகையை வெறும் கண்ணால் பார்க்க நினைப்பவர்கள் பயணத்தை அமாவாசைக்கு ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.